சமகாலக் கலை சாமானியருக்குப் புரிய வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்காட்சிக்குக் கூட வரும் நண்பர்களும் உறவினர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். உருவம் எதுவும் இல்லாத அரூப ஓவியம், பொருள்களை ஓர் இடத்தில் அமைத்து வைக்கும் இன்ஸ்டலேஷன், சுவரில் ஒட்டிய வாழைப்பழம் என்று 'மாடர்ன் ஆர்ட்' என்ற ஒரே பெயரில் மக்கள் குறிப்பிடும் எல்லாவற்றையும் சேர்த்தே பேசுகிறேன். கலை வரலாறு எழுதுபவர்கள் இவற்றைக் காலம் வாரியாகப் பிரிப்பார்கள். கேள்வி கேட்பவர்கள் அப்படிப் பிரித்துக் கேட்பதில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். புரிய வேண்டுமா, வேண்டாமா?

பார்த்தவுடன் புரியும்படி படைக்க வேண்டும் என்ற கடமை கலைஞருக்குக் கிடையாது. ஆனால் அந்தப் படைப்பைப் பொது இடத்தில், அதிலும் பொதுப் பணத்தில் வைப்பவர்களுக்கு ஒரு கடமை உண்டு. வருகிறவர் உள்ளே நுழைய ஒரு வழி வைக்க வேண்டும். எந்தப் பொருளால் ஆனது, எங்கிருந்து வந்தது, ஏன் இங்கே இருக்கிறது என்று அவருடைய மொழியில் நாலு வரி எழுதி வைக்க வேண்டும். பார்வையாளர் தன் பங்குக்குச் சில நிமிடம் நிற்க வேண்டும். இந்த மூன்று பேரில் நடுவில் இருப்பவர்கள்தான் பெரும்பாலும் வேலையைச் செய்வதில்லை. பழி மட்டும் கலைஞர் மீதோ, 'ரசனை இல்லாத' மக்கள் மீதோ விழுகிறது.

'புரிகிறது' என்று எதை வைத்துச் சொல்வது?

மார்கழியில் வாசலில் போடும் சிக்குக்கோலத்தைப் பாருங்கள். புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்து வளைந்து ஓடி, தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். அதில் யானையும் இல்லை, பூவும் இல்லை. தெருவில் போகிற யாரும் நின்று 'இதற்கு என்ன அர்த்தம்?' என்று கேட்டதில்லை. இழை ஒரே சீராக இருக்கிறதா, மூலையில் புள்ளி தப்பியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். எதிர்வீட்டு அம்மா ஒரு நொடியில் குறை கண்டுபிடித்துவிடுவார். முழுக்க அரூபமான ஒரு கலையை இவ்வளவு நுட்பமாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்ப் பெண்கள். 1970களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோன்மணியும் அவருடன் இருந்தவர்களும் கோலத்தை எடுத்துக்கொண்டு கணினி அறிவியலில் ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். அந்த அளவுக்கு அதற்குள் ஒழுங்கு இருக்கிறது.

ஆகவே 'உருவம் இல்லாவிட்டால் சாமானியருக்குப் பிடிபடாது' என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகியது பிடிபடுகிறது. பழக வாய்ப்பே கிடைக்காதது பிடிபடுவதில்லை.

அப்படியானால் படித்தவர்களுக்கு மட்டும் எப்படிப் புரிகிறது?

படித்தவர்களுக்குப் புரிகிறது என்று யார் சொன்னது? புரியவில்லை என்று வெளியே சொல்லாமல் இருக்கப் பழகியிருக்கிறார்கள், பல பேர். அதோடு, யார் சாமானியர் என்பது இடத்துக்கு இடம் மாறும். இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் கலைஞர் ஷீலா கௌடா.

அவர் கர்நாடகத்துக்காரர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேசக் கலைக் கண்காட்சியான வெனிஸ் பினாலேயில் 2009இல் ஒரு பெரிய இன்ஸ்டலேஷன் வைத்தார். பளபளக்கும் கார் பம்பர்கள் சில. அவற்றைச் சுற்றியும் சுவர் நெடுகவும் தொங்கியும் சுருண்டும் கிடக்கும் கறுப்புக் கயிறு, ஏறக்குறைய 4,000 மீட்டர். கயிறு முழுவதும் மனிதத் தலைமுடியில் திரித்தது. இப்போது அது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ஐரோப்பாவில் அதைப் பார்ப்பவருக்கு விளக்கக் குறிப்பு கட்டாயம் வேண்டும். குறிப்பு இல்லாவிட்டால் அது ஏதோ பயமூட்டும் கறுப்புக் கயிறு, அவ்வளவுதான்.

அதையே நம் பக்கத்து லாரி டிரைவர் ஒருவரிடம் காட்டுங்கள். பம்பரில் முடிக்கயிறு கட்டுவது திருஷ்டிக்கு என்று அவரே சொல்லிவிடுவார். கோயிலில் இறக்கும் முடி என்ன ஆகிறது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கலாம். நீளமான முடி விக் செய்ய வெளிநாட்டுக்கு விற்பனையாகிறது, குட்டை முடி இப்படிக் கயிறாகிறது. ஒருவர் நேர்ந்துகொண்டு கொடுத்த முடி, இன்னொருவர் வண்டிக்குக் காவலாகப் போய்ச் சேர்கிறது. இரும்பால் செய்த பம்பரைத் தலைமுடி காப்பாற்றும் என்ற நம்பிக்கையில்தான் இந்தப் படைப்பின் உயிர் இருக்கிறது. வெனிஸில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய இந்த விஷயம் டிரைவருக்கு நாள்தோறும் கையில் படுவது. ஆனால் அந்தப் படைப்பு இருக்கும் அறைக்கு அவர் ஒருநாளும் அழைக்கப்பட மாட்டார். 'மக்களுக்குப் புரியாது' என்ற பேச்சில் எனக்கு வரும் கோபம் எல்லாம் இந்த இடத்தில்தான்.

விளக்கக் குறிப்பைப் படித்தால் இன்னும் குழப்பம்தான் வருகிறது. ஏன்?

மோசமாக எழுதுவதால். 'இடம், உடல், நினைவு ஆகியவற்றின் ஊடாட்ட வெளிகளை இப்படைப்பு விசாரணைக்கு உட்படுத்துகிறது' என்கிற பாணியில் வரும் வாக்கியங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எந்தப் படைப்புக்குக் கீழே வேண்டுமானாலும் இதை ஒட்டலாம், பொருந்தும். எதற்கும் பொருந்துகிற குறிப்பு எதையும் விளக்காது.

மேலே சொன்ன கயிற்றுக்கு நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: 'கோயில்களில் முடியிறக்கியவர்களின் தலைமுடியால் திரித்த கயிறு. தென்னிந்தியாவில் ஓட்டுநர்கள் இதை வண்டியில் திருஷ்டிக்குக் கட்டுவார்கள்.' இரண்டே வாக்கியம். மீதியைப் பார்க்கிறவர் தானே யோசித்துக்கொள்வார். சென்னையில் நடக்கும் கண்காட்சிகளிலேயே ஆங்கிலத்தில் மட்டும் குறிப்பு வைப்பதைப் பார்க்கிறேன். தமிழில் ஒரு வரி இல்லாமல் கண்காட்சி நடத்திவிட்டுக் கூட்டம் வரவில்லை என்று வருத்தப்படுவதில் எந்த நியாயமும் இல்லை.

உருவமே இல்லாத ஒரு படைப்பைச் சாதாரண மக்கள் மனசார ஏற்றுக்கொண்டதுண்டா?

உண்டு. வாஷிங்டனில் இருக்கும் வியட்நாம் போர் நினைவிடம்.

1981இல் அதற்கு வடிவமைப்புப் போட்டி நடந்தது. 1,421 பேர் அனுப்பினார்கள். பெயர் மறைத்து நடந்த தேர்வில் வென்றவர் மாயா லின். அப்போது அவருக்கு 21 வயது, யேல் பல்கலைக்கழக மாணவி. அவர் வரைந்தது இவ்வளவுதான்: நிலத்தை வெட்டி உள்ளே இறக்கிய, விரித்த புத்தகம் போன்ற இரண்டு கறுப்புக் கிரானைட் சுவர்கள். அதில் இறந்தவர்கள் பெயர். சிப்பாய் சிலை இல்லை, கொடி இல்லை, துப்பாக்கி இல்லை. பெயர்கள் அகரவரிசையிலும் இல்லை, பதவி வரிசையிலும் இல்லை. யார் எப்போது விழுந்தார்களோ அந்த வரிசை.

கடும் எதிர்ப்பு கிளம்பியது. வெள்ளைக் கல் வைக்காமல் ஏன் கறுப்பு, மேலே எழும்பாமல் ஏன் மண்ணுக்குள், வீரம் எங்கே என்று கேட்டார்கள். முன்னாள் வீரர்களிலேயே சிலர் இதை அவமானச் சின்னம் என்றார்கள். 'மக்களுக்குப் புரியாத மாடர்ன் ஆர்ட்' என்று இன்று நாம் கேட்கும் அதே வாதம்தான். கடைசியில் சமரசமாக, மூன்று சிப்பாய்கள் நிற்கும் வெண்கலச் சிலை ஒன்றையும் பக்கத்தில் வைப்பதாக முடிவானது. ஃப்ரெடரிக் ஹார்ட் செய்த அந்தச் சிலை 1984இல் வந்தது. நல்ல சிலைதான், யாருக்கும் விளங்கும்.

ஆனால் 1982 நவம்பரில் சுவர் திறந்தபோது நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. மக்கள் வந்து பெயரைத் தேடினார்கள். கண்டுபிடித்து விரலால் தடவினார்கள். காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பெயரைப் பிரதியெடுத்துக்கொண்டு போனார்கள். கடிதம், பூட்ஸ், பதக்கம், புகைப்படம் என்று சுவரடியில் வைத்துவிட்டுப் போனார்கள். இன்றும் வைக்கிறார்கள். அங்கே விடப்படும் பொருள்களைப் பூங்காத் துறை எடுத்துப் பாதுகாக்கிறது. கிரானைட் கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருப்பதால், மகன் பெயரைத் தொடும் தாய்க்குத் தன் முகமும் அந்தப் பெயர்மீது தெரியும். இறந்த தேதி வரிசை என்பதால், ஒரே சண்டையில் விழுந்தவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள். உயிர் தப்பி வந்தவர் அந்த ஒரு அடிச் சுவரில் தன் படைப்பிரிவையே பார்க்கலாம். இதில் எதையும் யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு பெயர் போதுமானதாக இருந்தது.

எதிர்மாறாக, மக்கள் விரட்டிய படைப்பு?

நியூயார்க்கில் சிற்பி ரிச்சர்ட் செர்ரா செய்த 'சாய்ந்த வளைவு'. அரசு அலுவலகக் கட்டிடங்களுக்கு முன்னால் இருந்த சதுக்கத்தில் 1981இல் வைத்தார்கள். 120 அடி நீளம், 12 அடி உயரம், துருப்பிடித்த நிறத்தில் ஓர் எஃகுச் சுவர். சதுக்கத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நின்றது. அங்கே வேலை பார்த்தவர்கள் தினமும் அதைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. 1985இல் பொது விசாரணை வைத்தார்கள். பேசிய 180 பேரில் 122 பேர் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுக்கச் சொன்னார்கள். ஆனாலும் நடுவர் குழு எடுப்பதற்கே வாக்களித்தது. 1989 மார்ச்சில் ஓர் இரவில் அதைத் துண்டாக வெட்டி எடுத்துப் போனார்கள்.

இந்த வழக்கில் என் மனசு அங்கே வேலை பார்த்தவர்கள் பக்கம். அவர்கள் சொன்ன காரணங்களில் 'புரியவில்லை' என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 'எங்கள் வழி மறிக்கப்பட்டது, எங்களை யாரும் கேட்கவில்லை' என்பதை எடுத்துக்கொள்கிறேன். கண்காட்சிக்கு நாம் விரும்பிப் போகிறோம். சதுக்கத்தைத் தாண்டித்தான் அவர்கள் வேலைக்குப் போக வேண்டும். தப்பிக்க வழியில்லாத இடத்தில் வைக்கும்போது முன்கூட்டியே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

சுவரில் வாழைப்பழத்தை ஒட்டி 62 லட்சம் டாலரா? இதையும் புரிந்துகொள்ள வேண்டுமா?

இத்தாலியக் கலைஞர் மௌரிட்சியோ கத்தெலான் 2019 டிசம்பரில் மயாமி கலைச் சந்தையில் பழத்தை டேப்பால் ஒட்டினார். அப்போது விலை 1,20,000 டாலர். 2024 நவம்பரில் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் கட்டணத்தோடு சேர்த்து 62 லட்சம் டாலர். வாங்கியவர் பழத்தைச் சாப்பிட்டும் காட்டினார். வாங்கியது உண்மையில் பழம் இல்லை. ஒரு சான்றிதழும், எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும்தான். பழம் அழுகினால் வேறு பழம் மாற்றிக்கொள்ளலாம். ஏலத்துக்கான பழத்தைத் தெருவோரக் கடையில் 35 சென்டுக்கு வாங்கியிருந்தார்கள்.

புரிவதற்கு இதில் கஷ்டமே இல்லை. பணம் இருந்தால் எதற்கும் விலை வைக்கலாம் என்று சந்தையின் முகத்துக்கு நேரே சொல்கிறது, சந்தையும் கைதட்டி வாங்கிக்கொள்கிறது. கேலி என்ற அளவில் சரி. அதற்கு மேல் அதில் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விலையைப் பார்த்து வரும் கோபம் நியாயமானது. ஆனால் அது ஏலச் சந்தைமீது வர வேண்டிய கோபம். அதைக் கொண்டுபோய், ஒரு கேன்வாஸுக்குச் சட்டம் போடக் கையில் காசில்லாமல் வேலை செய்யும் நம் ஊர் ஓவியர்மீது கொட்டக் கூடாது.

'இதை என் குழந்தையே வரைந்துவிடுமே?'

ஓவியர் ஆதிமூலத்தை எடுத்துக்கொள்வோம். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கையின் பலம் தெரியும். கி.ராஜநாராயணன் ஜூனியர் விகடனில் கரிசல் மண்ணைப் பற்றி எழுதிய தொடருக்கும் அவர்தான் படம் போட்டார். வெயிலில் காய்ந்த முகம், முண்டாசு, மாட்டின் முதுகெலும்பு எல்லாம் ஒரு கோட்டில் வரும். வார இதழ் வாங்கிய அத்தனை பேருக்கும் அது போய்ச் சேர்ந்தது. அதே மனிதர் பெரிய கேன்வாஸில் வெறும் வண்ணப் பரப்புகளையும் தீட்டினார். வரையத் தெரியாமல் அங்கே போகவில்லை, எல்லாம் வரைந்து பார்த்துவிட்டுப் போனார்.

அரூப ஓவியம் மேல்நாட்டு இறக்குமதிதானே?

தாக்கம் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் சென்னையில் அது உள்ளூர்ச் சரக்கை வைத்தே வளர்ந்தது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பார்த்தால் ஜாதக நோட்டைத் திறந்த மாதிரி இருக்கும். கட்டங்கள், கணக்குச் சூத்திரங்கள், மலையாளம் போலத் தெரியும் பொடி எழுத்து. கிட்டப் போய்ப் படிக்கப் பார்த்தால் படிக்க முடியாது. என் தலையெழுத்து இதில் இருக்கிறது என்று நம்பி, ஒரு எழுத்தும் விளங்காமல் ஜோசியர் எதிரில் உட்கார்ந்திருப்போமே, அந்த உணர்வு அப்படியே வரும். அதை அனுபவிக்கக் கலைக் கல்லூரிப் படிப்பு வேண்டியதில்லை.

அவர் முன்னின்று 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், ஓவியங்கள் விற்காத காலத்தில் பாடிக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் வயிறு கழுவினார்கள். மேட்டுக்குடி விளையாட்டு என்று இதைச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

புரிகிற கலைக்கு மட்டும் அரசு பணம் கொடுத்தால் என்ன?

செய்து பார்த்திருக்கிறார்கள். 1937இல் மியூனிக்கில் நாஜிகள் 'சீரழிந்த கலை' என்று பெயர் வைத்து, அருங்காட்சியகங்களிலிருந்து பறித்த நவீன ஓவியங்களைக் கேலி வாசகங்களோடு தொங்கவிட்டார்கள். மக்கள் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 20 லட்சம் பேர் வந்தார்கள்.

சோவியத்தில் 1962 டிசம்பர் 1ஆம் தேதி, மாஸ்கோவில் மனேஷ் மண்டபத்தில் நடந்த கண்காட்சிக்கு நாட்டின் தலைவர் நிகிதா குருஷ்சேவ் வந்தார். நவீன ஓவியங்களைப் பார்த்துக் கத்தித் தீர்த்தார். எதிர்த்து நின்று பேசியவர் போரில் காயப்பட்டுத் திரும்பிய சிற்பி எர்ன்ஸ்ட் நெயிஸ்வெஸ்த்னி. பிறகு குருஷ்சேவ் பதவி இழந்தார், 1971இல் இறந்தார். அவர் கல்லறைக்குச் சிற்பம் செய்யச் சொல்லி அந்தக் குடும்பம் போய் நின்றது அதே நெயிஸ்வெஸ்த்னியிடம். கறுப்பும் வெள்ளையுமாக ஒன்றையொன்று கவ்வி நிற்கும் கற்கள், நடுவே ஒரு வெண்கலத் தலை. அவருடைய நல்லதும் கெட்டதும் அந்தக் கற்களில் இருக்கிறது. நோவோதேவிச்சி இடுகாட்டுக்குப் போகும் எவருக்கும் அது விளங்கும்.

'மக்களுக்குப் புரியவில்லை' என்று அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால், பெரும்பாலும் 'எனக்குப் பிடிக்கவில்லை' என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்தில் சாமானியர் வந்து பார்க்கும் கண்காட்சி எது?

கொச்சி. போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் 2012 டிசம்பர் 12இல் தொடங்கிய கொச்சி முசிறி பினாலே. பழைய கிட்டங்கிகள்தான் கூடங்கள். பளிங்குத் தரையும் குளிர்சாதனமும் மிரட்டாததால், ஆட்டோ ஓட்டுபவரும் கல்லூரிப் பிள்ளைகளும் தயங்காமல் உள்ளே வருகிறார்கள்.

2016இல் அங்கே சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சுரித்தா ஒன்று வைத்தார். ஆஸ்பின்வால் மாளிகையில் நீளமான ஒரு கிட்டங்கி, உள்ளே கடல்நீர். செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டி, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நடக்க வேண்டும். இருபுறச் சுவரிலும் 'என்னைக் கேட்கவில்லையா, பார்க்கவில்லையா' என்பது போல வரிகள். மறுகோடியில் ஒரு கவிதை. 2015இல் துருக்கிக் கரையில் ஒதுங்கிக் கிடந்த சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படம் உலகமெங்கும் போனதே, அதே படகில் இறந்த அவன் அண்ணன் காலிப் பற்றியது அந்தக் கவிதை. அவனுக்குப் படம் இல்லை, அவன் சாவை உலகம் பார்க்கவில்லை. படித்து முடித்தால் திரும்பி வர வேறு வழி கிடையாது, அதே தண்ணீரில்தான் நடந்து வர வேண்டும். கவிதை ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரிந்திருக்காது. ஆனால் கடலோரத்து மனிதருக்குக் காலில் உப்புத்தண்ணீர் படும்போது என்ன சொல்ல வேண்டும்?

மக்களையே சேர்த்துக்கொண்டு செய்தால் சுலபமாகப் புரியுமா?

சில சமயம். யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் செய்த ஒரு படைப்பு இருக்கிறது. போரில் வீடு இழந்தவர்களிடம், அந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னார். கிணறு எங்கே, அடுப்படி எங்கே, முற்றத்து மரம் எங்கே என்று அவர்களே கோடு போட்டார்கள். அந்தத் தாளோடு கட்டடக் கலைஞர் போட்ட துல்லியமான வரைபடமும், சனாதனன் தீட்டிய ஓவியமும் சேரும். டச்சுக்காரர் காலத்து நிலப் பதிவேடான தோம்பின் பெயரையே அதற்கு வைத்தார். பத்திரம் தொலைந்த வீட்டுக்குக் கைக்கோடுதான் சாட்சி. அங்கே யார் கலைஞர், யார் சாமானியர் என்று பிரிக்கவே முடியாது.

எல்லாமே நல்ல படைப்பு என்கிறீர்களா?

இல்லவே இல்லை. நிறைய வெற்று வேலை நடக்கிறது. நான் வைத்திருக்கும் சோதனை ஒன்று: குறிப்பைப் படித்த பிறகு திரும்பவும் படைப்பைப் பாருங்கள். முன்பு கண்ணில் படாத ஏதாவது இப்போது தெரிந்தால் அதில் சரக்கு இருக்கிறது. குறிப்பில் இருந்ததற்கு மேல் எதுவுமே தெரியாவிட்டால் அடுத்ததுக்கு நகருங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். முதலில் சிரிப்புக்கு ஆளாகிப் பின்னால் புகழ் பெற்ற படைப்புகள் உண்டு என்பதால், சிரிப்புக்கு ஆளானதெல்லாம் உயர்ந்தது என்று ஆகிவிடாது.

முதல் முறை போகிறவர் எங்கே தொடங்கலாம்?

எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காலை இழுத்து நிறுத்திய ஒன்றிரண்டின் முன் மட்டும் நில்லுங்கள். குறிப்பைக் கடைசியில் படியுங்கள். பக்கத்தில் கலைஞரோ பொறுப்பாளரோ இருந்தால், 'இது எதனால் செய்தது?' என்று கேளுங்கள். 'இதற்கு என்ன அர்த்தம்?' என்பதைவிட நல்ல பதில் கிடைக்கும். சிறுவர்களை அழைத்துப் போங்கள், அவர்கள் தயங்காமல் பேசுவார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்தில் உள்ள அருங்காட்சியகம் நல்ல தொடக்கம், பணிக்கர் தலைமுறையை அங்கே பார்க்கலாம். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி இருக்கிறது, கண்காட்சி மாறிக்கொண்டே இருக்கும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் போவதாக இருந்தால் வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், அன்று விடுமுறை.